ஒரு சமயத்தார் மிகுந்த ஊர்கள்: பனங்காடு முதல் பால்மரத் தோட்டம் வரை

ஊர் என்பது வீடுகளின் தொகுதி மட்டும் அன்று. ஒரு கிணற்றில் நீர் மொண்டு, ஒரு களத்தில் நெல் அடித்து, ஒரு கோயிலில் கூடி, ஒருவர் வீட்டு நன்மை தீமைக்கு மற்றவர் முன்னின்று வாழும் மக்கட் கூட்டமே ஊர் எனப்படும். கோயில் இல்லாத ஊரில் குடியிருத்தல் ஆகாது என்று நம் முன்னோர் கருதியதும் இதுபற்றியே. கோயில் வழிபாட்டிற்கு மட்டும் உரிய இடமாக அவர்களுக்குத் தோன்றவில்லை. வழக்குத் தீர்க்கும் மன்றமும், பஞ்சக்காலத்து நெற்களஞ்சியமும், பிள்ளைகள் எழுத்துப் பயிலும் திண்ணையும் அதுவே.

ஓர் ஊரில் வாழ்வோர் அனைவரும், அல்லது அவருட் பெரும்பான்மையோர், ஒரே சபையைச் சார்ந்தவராயின் அவ்வூரின் வாழ்க்கை எவ்வாறு அமையும்? அந்த ஒற்றுமை அவர்களுக்கு எந்நன்மையைத் தரும்? எத்தீமையை விளைக்கும்? இவ்வினாக்களை எழுப்பும்போது உலகோர் முதலிற் சுட்டுவது அமெரிக்க நாட்டில் மோர்மோன் சபையார் அமைத்த யூட்டா மாநிலத்தையே. ஆயினும் நாம் அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தமிழ்நாட்டின் தென்கோடியில், திருநெல்வேலிப் பனங்காட்டில், யூட்டா தோன்றுவதற்கு அரை நூற்றாண்டு முன்னரே இத்தகைய ஊர்கள் எழுந்தன. நாம் வாழும் பேரா மாநிலத்திலும் அத்தகைய குடியேற்றங்கள் உண்டு. இவற்றை ஒருங்கு வைத்து நோக்கின், பால்மரத் தோட்டங்களில் நாம் அமைத்திருந்த வாழ்வு ஏன் அவ்வளவு விரைவிற் கலைந்தது என்பதும் விளங்கும். இஃது எச்சமயத்தின் கொள்கையையும் நிறுவவோ மறுக்கவோ எழுந்த கட்டுரை அன்று. ஊர் எவ்வாறு நிலைபெறுகிறது என்பதே நம் ஆராய்ச்சி.

உப்பேரிக் கரையில் ஒரு நாடு

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது மோர்மோன் சபையின் முழுப்பெயர். 1830-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் அதனை நிறுவினார். சென்ற இடமெல்லாம் அண்டை அயலாரின் பகைக்கு அச்சபையார் ஆளாயினர். 1844-இல் இல்லினாய் மாநிலத்துச் சிறையொன்றில் இருந்த ஸ்மித்தை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அவருக்குப் பின் தலைமை ஏற்ற பிரிகாம் யங், தம் மக்களை அழைத்துக்கொண்டு மேற்கே நடந்தார். 1847 ஜூலையில் பெரிய உப்பேரியின் அருகிலுள்ள வறண்ட பள்ளத்தாக்கை அவர்கள் அடைந்தனர்.

அங்கு அவர்கள் முதலிற் செய்தது கால்வாய் வெட்டியதாகும். மலையினின்று இறங்கும் ஓடைகளைத் திருப்பி, நிலத்திற்கு நீர் பாய்ச்சினர். நகரத்தைச் சதுரம் சதுரமாக வகுத்து, 132 அடி அகலத் தெருக்களை இட்டனர். ஊரைப் பல வட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் பிஷப்பு ஒருவரை அமர்த்தினர். இவர் சம்பளம் வாங்கும் குருவானவர் அல்லர்; உழவராகவோ தச்சராகவோ பிழைப்பு நடத்திக்கொண்டே வட்டத்தின் ஏழைகளையும் நோயாளிகளையும் கவனித்தவர். ஒவ்வொரு குடும்பமும் வருவாயிற் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுத்தது. பணம் அரிதாயிருந்த அக்காலத்தில் கோதுமையும் வெண்ணெயும் முட்டையும் கால்நடையும் அப்பங்காக வந்தன. கொடுக்க ஒன்றும் இல்லாதவர் பத்து நாளில் ஒரு நாள் பொதுவேலைக்கு உழைத்தனர். திங்கள்தோறும் ஒரு நாள் நோன்பிருந்து, உண்ணாத உணவின் மதிப்பை வறியோர்க்கு அளிக்கும் வழக்கம் இன்றும் அவர்களிடம் உள்ளது. 1842-இல் தொடங்கிய மாதர் உதவிச் சங்கம் பிணியாளர் பணியையும் ஆடை நெய்தலையும் பஞ்சத்திற்குத் தானியம் சேமித்தலையும் மேற்கொண்டது.

ஈண்டு நாம் உற்றுநோக்க வேண்டிய ஒன்று உண்டு. ஐரோப்பாவிலிருந்த வறிய சபையார் யூட்டாவிற்கு வர, 1849-இல் அவர்கள் நிலையான குடியேற்ற நிதி ஒன்றை ஏற்படுத்தினர். அந்நிதியிற் கடன்பெற்று வந்தவர், குடியேறி உழைத்துக் கடனைத் திருப்புவர். அப்பணம் அடுத்தவரின் பயணத்திற்கு உதவும். நம் பாட்டனார் கங்காணியிடம் முன்பணம் பெற்றுக் கப்பலேறியதும் கடன்தான். அந்தக் கடன் அடைந்தபோது தோட்டத்துக்குக் கூலியாள் கிடைத்தான். ஊராருக்கு நிதி கிடைக்கவில்லை. இருவரும் வறியவரே, இருவரும் கடல் கடந்தவரே. கடன் யாருடைய பெட்டிக்குத் திரும்பிச் சென்றது என்பதில்தான் வேறுபாடு.

பனங்காட்டில் எழுந்த ஊர்கள்

இனித் திருநெல்வேலிக்கு வருவோம். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியும் திருநெல்வேலி மாவட்டத்தின் கீழ்ப்பகுதியும் தேரி நிலம். செம்மணல் மேடுகளும் பனைமரங்களுமே அங்குக் கண்ணுக்குத் தெரிவன. பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சிப் பிழைத்த நாடார் சமூகத்தார் அங்கு மிகுதி. உயர்சாதியாரின் கெடுபிடியும் நிலவுடைமையாளரின் வரியும் அவர்களை நெடுங்காலம் வருத்தின.

பாளையங்கோட்டையில் 1778-இல் குளோரிந்தா என்ற அந்தணக் கைம்பெண் தஞ்சை சுவார்ட்சு ஐயரிடம் திருமுழுக்குப் பெற்றதும், அவர் அங்கு ஒரு சிறு கோயில் எடுப்பித்ததும் அந்நாட்டுச் சீர்திருத்தச் சபை வரலாற்றின் தொடக்கம். சில ஆண்டுகளுக்குப் பின்னர்ச் சிற்றூர்களிலும் பலர் சபையிற் சேர்ந்தனர். சேர்ந்தவர்க்கு ஊரில் இருக்க முடியவில்லை. வீடு பறிபோயிற்று, கிணறு மறுக்கப்பட்டது. அப்பொழுது, அதே சமூகத்திற் பிறந்து உபதேசியாராக விளங்கிய தாவீது சுந்தரானந்தம் என்பவர், ஆங்கிலப் படைத்தலைவர் ஒருவரின் பொருளுதவியால் நிலம் வாங்கி, துரத்தப்பட்ட குடும்பங்களை அதிற் குடியேற்றினார். 1799-இல் தோன்றிய அவ்வூர்க்கு முதலூர் என்று பெயர் வைத்தனர். பெயரே அதன் வரலாற்றைக் கூறும்.

அதன் பின் ஊர்கள் பலவாயின. அவற்றின் பெயர்கள் தமிழாசிரியர்கள் ஆராயத் தக்கவை. நாசரேத்து விவிலியத்தினின்று வந்த பெயர். மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், பிரகாசபுரம், கடாட்சபுரம் என்பன தமிழும் வடமொழியும் கலந்து சமயக் கருத்தைச் சுட்டுவன. சாயர்புரம் நிலம் வாங்க உதவிய சாயர் என்ற வணிகரின் பெயரைத் தாங்கியது. டோனாவூர் பொருள் அனுப்பிய டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயரால் வழங்குவது. இவற்றிடையே இடையன்குடி, வெள்ளாளன்விளை எனப் பழம்பெயர் மாறாத ஊர்களும் உள. புரம், ஊர், விளை, குடி என்ற ஈறுகள் மட்டும் பண்டைத் தமிழ் மரபினின்று விலகவில்லை.

நிலமும் தெருவும்

இவ்வூர்களின் முதல் தூண் நிலம். 1820 முதல் பாளையங்கோட்டையில் உழைத்த இரேனியஸ் ஐயர் இதனை நன்குணர்ந்தார். ஜெர்மானியராகிய அவர் தமிழிலக்கணம் எழுதியவர். 1832-இல் 'பூமி சாஸ்திரம்' என்ற நூலைத் தமிழில் வெளியிட்டவர். சொந்த மனையில்லாத மக்கள் எச்சமயத்தைச் சார்ந்தாலும் அடிமைகளாகவே இருப்பர் என்பது அவர் செயலால் விளங்குகிறது. 1830-ஐ ஒட்டித் தரும சங்கம் என்ற ஓர் அமைப்பு ஏற்பட்டது. மக்களிடம் பணம் திரட்டி நிலமும் வீட்டு மனையும் வாங்கிப் புதிய குடும்பங்களைக் குடியமர்த்துதல் அதன் நோக்கம். யூட்டாவின் குடியேற்ற நிதிக்கு ஏறத்தாழ இருபது ஆண்டு முற்பட்டது இது.

வாங்கிய நிலத்தில் தெரு எப்படி அமைய வேண்டும் என்பதிலும் கருத்துச் செலுத்தினர். 1841-இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல், ஒழுங்கற்றுக் கிடந்த குடிசைகளின் இடத்தில் நேரான தெருக்களை வகுத்து, கிணறு தோண்டி, மரம் நட்டார். அவர் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தை நாம் அனைவரும் அறிவோம். அந்நூலை எழுதியவர் தெருவிற்குக் கயிறு பிடித்தவரும் ஆவார் என்பதை நம் மாணவர்க்கு நாம் சொல்லுவதில்லை. மெய்ஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் என்ற வேல்ஸ் நாட்டவர், 1870-இல் இறக்குமளவும் ஏறத்தாழ முப்பது ஆண்டு உழைத்து, மணற்காட்டைக் கிணற்றுப் பாசனத்தால் சோலையாக்கினார். அங்குள்ள பவுல் அப்போஸ்தலர் கோயிலின் கோபுரம் பல கல் தொலைவிற்குத் தெரியும். வறண்ட நிலம், நேர்த்தெரு, நீர், நடுவே வானளாவிய கோயில் என்ற இவ்வமைப்பை, ஒருவரையொருவர் அறியாத இரு மக்கள் உலகின் இரு பக்கங்களிலும் ஒரே காலத்தில் மேற்கொண்டனர்.

பொதுப்பணம்

இரண்டாவது தூண் பொதுப்பணம். வெளிநாட்டுப் பணத்தால் மட்டும் இவ்வூர்கள் வாழ்ந்தன என்பது பலரின் எண்ணம். உண்மை வேறு. நாள்தோறும் உலையில் அரிசி இடும் முன்பு ஒரு கைப்பிடியைத் தனிக் கலயத்தில் இட்டு வைப்பது இச்சபைப் பெண்களின் வழக்கம். வாரம் ஒருமுறை அதனைச் சேர்த்துச் சபைக்குக் கொடுப்பர். ஒரு பிடி அரிசியால் எந்த வீடும் பட்டினி கிடப்பதில்லை. ஊரெல்லாம் சேர்ந்த பிடியரிசியால் ஒரு பணியாளருக்கு உணவளிக்கலாம்.

ஆண்டிற்கொரு முறை வருவது ஸ்தோத்திரப் பண்டிகை. முதற்பலனாகிய காய்கறி, கோழி, ஆடு, கருப்பட்டி முதலியன கோயிலுக்கு வரும். பின்னர் ஏலம் விடப்படும். ஒரு முட்டையை அதன் விலையினும் பன்மடங்கு கொடுத்து ஏலத்தில் எடுப்பது அங்குப் பெருமை. அசனம் என்னும் ஊர் விருந்தும் உண்டு. ஊரார் அளித்த அரிசியும் ஆடும் ஒரே அடுப்பில் வெந்து, செல்வரும் கூலிக்காரரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பர். சென்னையிலோ மும்பையிலோ வேலை பார்ப்பவர்களும் அசனத்திற்கு ஊர் திரும்புவர். மாரியம்மன் திருவிழாவிற் கூழ் வார்ப்பதையும் அன்னதானப் பந்தியையும் அறிந்த நமக்கு இது புதியதன்று. சமயம் மாறிற்று, ஊர் கூடி உண்ணும் மரபு மாறவில்லை.

இவ்வாறு கொடுத்துப் பழகிய மக்கள் ஒரு நிலையிற் பிறர்க்கு அனுப்பவும் தொடங்கினர். 1903 பிப்ரவரியில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் உருவாயிற்று. மக்களும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையனவாகவே இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. அதன் மூலவர்களுள் ஒருவரான அசரியா வெள்ளாளன்விளையில் 1874-இற் பிறந்தவர். தெலுங்கு நாட்டு டோர்னக்கலில் பணியாற்றி, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அவரைத் தெலுங்கு நாட்டிற்கு அனுப்பிய பணத்தின் பெரும்பகுதி பனையேறிகளின் வீடுகளிலிருந்து வந்ததாகும்.

பள்ளியும் பெண்டிரும்

மூன்றாவது தூண் பள்ளி. சிறு சபையாயினும் உபதேசியார் ஒருவர் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்கியார். மற்ற நாள்களில் அவரே ஆசிரியர். கோயில் மண்டபமே வகுப்பறை. படிப்பறியாத முதியோரும் விவிலியம் வாசிக்க வேண்டும் என்பதால் எழுத்தறிவு சமயக் கடமையாயிற்று. தொடக்கப் பள்ளியிற் சிறந்தவர் விடுதிப் பள்ளிக்கும், அங்கிருந்து ஆசிரியப் பயிற்சிக்கும் சென்றனர். 1842-இல் சாயர்புரத்திற்கு வந்த போப் ஐயர் அங்கு ஒரு கல்விக்கழகத்தை வளர்த்தார். பிற்காலத்தில் 1886-இல் திருக்குறளையும் 1900-இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட அப்பெரியார் தமிழ்ப் பயிற்சி பெற்ற இடங்களுள் இப்பனங்காடும் ஒன்று. நாசரேத்தில் 1876 முதல் 1908 வரை இருந்த மர்காஷிஸ் ஐயர் மருத்துவமனையும் அனாதை விடுதியும் தொழிற்பள்ளியும் நடத்தி, ஒரு சிற்றூரை நகராக்கினார்.

ஆசிரியர் ஊரில் ஒருவர். ஊராரின் பணத்தால் உண்பவர். அவர் பிள்ளையும் அதே பள்ளியிற் படிப்பவர். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பள்ளிக்கும் சமுதாயத்திற்கும் உள்ள தொடர்பைப் பற்றி நாம் படித்த பாடங்களுக்கெல்லாம் இதுவே சிறந்த எடுத்துக்காட்டு.

பெண்கல்வியை இவ்வூர்கள் முற்படவே மேற்கொண்டன. கால்டுவெல்லின் துணைவியார் எலைசா நாகர்கோவிலில் வளர்ந்தவர். தமிழைத் தாய்மொழிபோற் பேசியவர். இடையன்குடிப் பெண்களுக்கு எழுத்தும் பின்னல் வேலையும் கற்பித்தார். நூலாற் பின்னிய சரிகைத் துணி கடல்கடந்து விற்பனையாயிற்று. பனைத்தொழில் ஆண்டின் சில மாதமே நடக்கும். மற்ற மாதங்களில் அடுப்பெரிய அப்பின்னல் ஊசி உதவிற்று. மோர்மோன் மாதர் சங்கம் தானியக் களஞ்சியம் நடத்தியதையும் இதனையும் ஒப்பிடுக. ஊர் நிலைத்த இடமெல்லாம் பெண்ணின் கையில் ஒரு தொழிலும் ஒரு பொதுப்பொறுப்பும் இருந்தன.

மாறுபட்டோர்க்கு இடம் உண்டா?

இதுகாறும் கூறியவை இவ்வூர்களின் சிறப்பு. குறையைக் கூறாது விடுவது வரலாறு ஆகாது. ஊரார் எல்லாரும் ஒரே கோயிலுக்குச் செல்லும் இடத்தில், செல்லாத ஒருவன் என் செய்வான்? பள்ளியும் நிலமும் மருந்தும் ஒரே கையில் இருக்கும்போது, அக்கையை எதிர்த்தவன் எங்கே போவான்?

நாசரேத்தில் அருமைநாயகம் என்ற கல்விமான் இருந்தார். பள்ளியின் தலைமாணாக்கனைக் குறிக்கும் சட்டாம்பிள்ளை என்ற பெயரே அவருக்கு நிலைத்தது. மிஷனரியுடன் அவர் பிணங்கினார், பணியினின்று நீங்கினார். இதற்கிடையே நாடார் சமூகத்தைப் பற்றிக் கால்டுவெல் 1849-இல் வெளியிட்ட ஆங்கில நூல், அச்சமூகத்தாரை இழிவாகச் சித்திரித்தது என்று படித்தோர் கொதித்தனர். தொண்டு செய்ய வந்தவரே தம்மை இவ்வாறு எழுதலாமா என்பது அவர்கள் கேள்வி. 1857-இல் சட்டாம்பிள்ளையும் அவரைச் சார்ந்தோரும் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் ஐரோப்பியர் தொடர்பற்ற தனிச் சபையை அமைத்தனர். இந்துக் கிறிஸ்தவ சபை என்று அது குறிக்கப்பெறும். சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டு, நாட்டு வழக்கங்களை வழிபாட்டிற் புகுத்தினர். அச்சபை எண்ணிக்கையிற் பெருகவில்லை. எனினும் கொடுக்கும் கை கட்டளையிடும் கையாகவும் மாறினால், பெறுகின்றவன் ஒரு நாள் எழுந்து நிற்பான் என்பதற்கு அது சான்று.

யூட்டாவிலும் இவ்வாறே நிகழ்ந்தது. வணிகம் முழுவதும் சபையின் வழி நடக்க வேண்டும் என்ற கட்டளையை எதிர்த்த வில்லியம் காட்பி என்ற வணிகரும் அவர் நண்பர்களும் 1869-இல் விலக்கப்பட்டனர். அவர்கள் தொடங்கிய ஏட்டின் வழிவந்ததே இன்றளவும் வெளிவரும் 'சால்ட் லேக் டிரிபியூன்' செய்தியிதழ். பலதார மணத்தை அச்சபை 1890-இற் கைவிட்டது. ஆறாண்டு கழித்து 1896-இல் யூட்டா தனி மாநிலமாக ஏற்கப்பட்டது. கறுப்பினத்தார்க்குக் குருத்துவம் மறுத்த விதியோ 1978 வரை நீங்கவில்லை. நம் பக்கத்திலும் இத்தகைய கறை உண்டு. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலில் இரு சாதியாரைப் பிரித்து வைத்த சுவர் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை இடித்தபோது வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. ஒரே சமயம் என்பதனாலேயே சமத்துவம் வந்துவிடுவதில்லை.

எனவே இத்தகைய ஊரை அளக்க இரு கோல்கள் வேண்டும். தன்னவர்க்கு அது என்ன செய்கிறது என்பது ஒன்று. தன்னுடன் ஒத்துப்போகாதவனை அது எவ்வாறு நடத்துகிறது என்பது மற்றொன்று. முதற்கோலால் அளந்து மகிழ்வோர் பலர். இரண்டாவதை எடுப்போர் சிலரே.

பேரா மாநிலத்தில்

நம் மாநிலத்திலேயே இருவேறு குடியேற்றங்கள் உள. கிரியான் மாவட்டத்துப் பாகான் செராயில், 1880-களில், பிரெஞ்சுக் குருவாகிய ரெனே ஃபே தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களை நிலத்திற் குடியமர்த்தினார். இவர் பின்னர் 1896 முதல் 1904 வரை மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயராக விளங்கியவர். புனித சூசையப்பர் கோயிலைச் சுற்றி வளர்ந்தது அக்குடியிருப்பு. தோட்டத்து லயத்தில் அன்றித் தம் கோயிலைச் சுற்றித் தமிழர் குடியமர்ந்த பழைய இடங்களுள் அதுவும் ஒன்று.

மற்றொன்று சித்தியவான். 1903-இல் சீன நாட்டுப் பூச்சோ வட்டாரத்திலிருந்து மெதடிஸ்ட் சபையார் 363 பேர் அங்கு வந்திறங்கினர். பன்மொழி அறிந்த லூரிங் என்ற ஜெர்மானிய மிஷனரி அவர்களை அழைத்துவந்தார். நெல் பயிரிடுவதற்கென்று அரசு நிலம் அளித்தது. நெல் எதிர்பார்த்தவாறு விளையவில்லை. அவர்கள் பால்மரம் நட்டனர். ஆனால் அப்பால்மரம் அவர்களுடையது. கம்போங் கோவில் எழுந்த கோயிலும் பள்ளியும் ஊரின் நடுவாயின. அடுத்த தலைமுறையில் ஆசிரியரும் மருத்துவரும் வணிகரும் அங்கிருந்து புறப்பட்டனர்.

அதே காலத்தில், அதே மாநிலத்தில், அதே மரத்தில் நம்மவர் பால் வெட்டினர். இவ்விடத்தில்தான் ஒப்பீடு நம்மைச் சுடுகிறது.

தோட்டமும் ஓர் ஊரே

செமோரிலும் சுங்கை சிப்புட்டிலும் இருந்த கித்தாத் தோட்டங்களை நினைவுகூர்வோர் இன்னும் பலர் உளர். அங்கு நாம் பெரும்பான்மையினர். மாரியம்மன் கோயில் இருந்தது. எல்லையில் முனியாண்டி இருந்தார். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பள்ளிவயதுப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்ததால் பள்ளியும் இருந்தது. ஆடித் திருவிழா, தைப்பூசக் காவடி, தீமிதி, இராமாயண வாசிப்பு, கூத்து என ஒன்றும் குறைவில்லை. ஒரு வீட்டில் இழவு விழுந்தால் அன்று யார் அடுப்பும் தனியே எரிந்ததில்லை. ஊர் என்பதற்கு நாம் தொடக்கத்திற் கூறிய இலக்கணம் அனைத்தும் அங்குப் பொருந்தும்.

எனினும் முதலூர் இருநூறு ஆண்டு கடந்தும் இருக்கிறது. நம் தோட்டங்கள் எங்கே? 1950-களின் இறுதியில் தோட்டத் துண்டாடல் தொடங்கிற்று. பின்னர்ப் பால்மரம் வீழ்ந்து செம்பனை எழுந்தது. 1980-களிலும் 1990-களிலும் செம்பனையும் வீழ்ந்து தாமான்கள் எழுந்தன. நிலம் விற்கப்பட்டபோது லயமும் போயிற்று. லயத்துடன் கோயிலும் பள்ளியும் வேரறுந்தன. 1957-இல் 880-க்கு மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. மிகுந்திருப்பவற்றுள்ளும் மிகப் பல, நிலம் அரசினுடையது அன்று என்ற காரணத்தால், பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நிற்கின்றன.

பக்தி குறைந்ததால் தோட்டம் கலையவில்லை. ஒற்றுமை இல்லை என்று நம்மை நாமே பழிப்பதும் முழு உண்மை அன்று. நிலம் துரையுடையது, பள்ளிக் கட்டடம் நிர்வாகத்தினுடையது, முன்பணம் கங்காணியினுடையது. நம் கையிற் பெரும்பான்மை மட்டுமே இருந்தது. பெரும்பான்மை ஊராகாது என்பதை நாம் மிகப் பிந்தி அறிந்தோம்.

இதனை உரிய காலத்தில் உணர்ந்தவர் ஒருவர் நம் அண்டை ஊரினரே. 1919-இல் சுங்கை சிப்புட்டிற் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், 1954-இல் அவ்வூரில் மகாத்மா காந்தி கலாசாலை எழ முன்னின்றவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, பால்வெட்டுத் தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். கைப்பிடி அரிசியும், தரும சங்கமும், யூட்டாவின் குடியேற்ற நிதியும் செய்த வேலையையே அப்பத்து வெள்ளியும் செய்தது. இங்கு ஒரு சிறப்பும் உண்டு. சங்கத்திற் சேர எச்சமயத்தார் என்று கேட்கப்படவில்லை. ஒரு சமயத்தார் மட்டும் கூடிய ஊர்களில் நாம் கண்ட குறை இதில் இல்லை. ஒரே வருத்தம், அது நாடு முழுவதும் துண்டாடலைத் தடுக்கும் அளவிற்குப் பெருகவில்லை என்பதே.

இனி நாம் செய்யத் தக்கது

இன்று யூட்டாவின் தலைநகர வட்டாரத்திலும் மோர்மோன் சபையார் பாதிக்கும் குறைவாகிவிட்டனர். திருநெல்வேலி ஊர்களின் பிள்ளைகளும் நகரங்களுக்கும் அயல்நாடுகளுக்கும் சென்றுவிட்டனர். ஆயினும் வட்டமும் சேகரமும் அறுபடவில்லை. எங்கிருப்பினும் பங்கு அனுப்புகின்றனர், அசனத்திற்கு வருகின்றனர், ஊர்ப்பள்ளியின் நூற்றாண்டு விழாவிற்குக் கட்டடம் எழுப்புகின்றனர். பெரும்பான்மை போனாலும் நிறுவனம் நின்றால் ஊர் நிற்கும்.

தாமானில் இன்று நாம் சிறுபான்மையினர். பக்கத்து வீட்டில் மலாய்க்காரரும் எதிர்வீட்டில் சீனரும் வாழ்கின்றனர். பழைய லயத்தை மீண்டும் கட்ட இயலாது, கட்டவும் வேண்டா. ஆனால் மூன்று செயல்களை எந்தத் தாமானிலும் தொடங்கலாம். முதலாவது, நம் கோயிலும் பள்ளியும் நிற்கும் நிலம் யார் பெயரில் உள்ளது என்று பார்த்து, இல்லையேல் பதிவு செய்ய முயலுதல். திருவிழாச் செலவில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினாலும் போதும். இரண்டாவது, பள்ளிக்கெனச் சிறுதொகை நிதி. திங்களுக்கு இரண்டு வெள்ளி கொடுக்க இயலாத வீடு மிகச் சில. தொகை சிறிதாயினும் கணக்கு வெளிப்படையாக இருத்தல் வேண்டும். கணக்கில் ஐயம் தோன்றிய அன்றே பொதுப்பணம் செத்துவிடும். மூன்றாவது, கலைந்த தோட்டங்களின் பழைய மாணவரைப் பள்ளியின் வழி ஒன்றுகூட்டுதல். தோட்டம் போயிற்றேனும் அதன் பள்ளிப் பதிவேடு பல இடங்களில் இன்னும் இருக்கிறது. அதிலுள்ள பெயர்களே ஓர் ஊரின் குடிமதிப்பு.

இவற்றுள் எதிலும் மாற்றுக் கருத்துடையவனுக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்தல் நலம். சட்டாம்பிள்ளையை வெளியேற்றிய ஊரும் காட்பியை வெளியேற்றிய ஊரும் அதனால் வலுப்பெறவில்லை. கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்பவன் பகைவன் அல்லன்; அவனும் ஊரான் என்பதாற்றான் கேட்கிறான்.

ஆசிரிய நண்பர்கள் அடுத்த பள்ளித் தவணையில் மாணவரிடம் ஒரு வினாவைக் கேட்டுப் பார்க்கலாம்: உன் தாத்தா எந்தத் தோட்டம்? பல பிள்ளைகளுக்கு விடை தெரியாது; வீட்டிற் கேட்டு வருவார்கள். அவ்விடைகளை ஒரு நோட்டில் எழுதி வைப்போமாயின், நாம் இழந்த ஊர்கள் எத்தனை என்பதும், அவற்றின் மக்கள் இன்று எத்தாமான்களில் உள்ளனர் என்பதும் தெரியவரும். அறிந்தவரை அழைக்கலாம், அழைத்தவரைக் கூட்டலாம். முதலூரும் அவ்வாறு கூடிய சில குடும்பங்களிலிருந்து தொடங்கியதே.